ஞானாம்பாள் ஆண்ட நாடு

தமிழின் முதல் புதினம் எது என்று வினவினால், நம் பள்ளிப் பிள்ளைகள் தயங்காமல் விடை கூறுவர்: 'பிரதாப முதலியார் சரித்திரம்', 1879. நூலைப் படித்தவர் யார் என்று அடுத்து வினவினாலோ மௌனமே விடையாகும். 'முதல்' என்னும் பட்டத்தைச் சூட்டிவிட்டு நூலை அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டோம் நாம். மாயூரம் வேதநாயகம் பிள்ளை நம் கத்தோலிக்கக் குடும்பத்தவர் என்று பெருமை பேசுவதோடு நம் கடமை முடிந்துவிடுமோ?

வங்கத்தில் ஈசுவர சந்திர வித்தியாசாகர் (1820-1891) தம் தாய்மொழியின் உரைநடையைச் செப்பம் செய்தார்; பெண்களுக்குப் பள்ளிகள் திறந்தார். மொழியை எளிமையாக்குவதும் மக்களை உயர்த்துவதும் அவருக்கு ஒரே பணியின் இரு கைகள். அதே தலைமுறையில், 1826இல் திருச்சிராப்பள்ளியை அடுத்த குளத்தூரில் பிறந்து, தரங்கம்பாடி, சீர்காழி, மாயூரம் ஆகிய ஊர்களில் முன்சீப்பாக நீதி வழங்கிய வேதநாயகரும் இவ்வுண்மையை உணர்ந்திருந்தார். உயர் நீதிமன்றத் தீர்ப்புகளைத் தமிழில் தந்தார். 1869இல் 'பெண்மதி மாலை'யை வெளியிட்டார். பெண்கல்வியை வலியுறுத்தி உரைநடையிலும் எழுதினார். தாது வருடப் பஞ்சத்தில் (1876-78) தம் கைப்பொருள் கொண்டு பசித்தோர்க்கு உணவளித்தார்.

புதினத்தின் குறைகளை மறைக்க வேண்டுவதில்லை. கதை அடிக்கடி நின்றுவிடுகிறது. கிளைக்கதைகளும் அறிவுரைகளும் வழிமறிக்கின்றன. பாத்திரங்கள் பேசும்போது பல இடங்களில் முன்சீப்பின் குரலே நம் காதில் விழுகிறது. ஆனால் அந்தக் குரலுக்கும் ஓர் அறச்சீற்றம் உண்டு. தமிழர் வழக்கைத் தமிழரே தமிழர்முன் ஆங்கிலத்தில் வாதிக்கும் விந்தையை அவர் எள்ளி நகையாடுமிடத்தில், வழக்காடு மன்றத்தில் எதுவும் விளங்காமல் கைகட்டி நின்ற உழவனின் முகம் நமக்குத் தெரிகிறது.

நூலின் உயிர் ஞானாம்பாளிடத்தில் உள்ளது. பிரதாபனோடு உடன் கற்றவள். அறிவில் அவனை விஞ்சியவள். பின்னர், பிரிந்த கணவனைத் தேடி ஆணுடையில் செல்லும் அவளைப் பட்டத்து யானை தேர்ந்தெடுக்க, விக்கிரமபுரியின் அரசனாகிறாள்; நீதி வழுவாது ஆள்கிறாள். இறுதியில் அரசைத் துறந்து இல்லறத்துக்குத் திரும்புகிறாள்.

இங்கே நாம் சற்று நின்று நோக்க வேண்டும். பெண்கல்விக்காக வேதநாயகர் வாதாடும்போது, கற்றவள் நல்ல மனைவியாவாள், நல்ல தாயாவாள் என்பதே அவர் பெரிதும் நம்பும் காரணம். அஞ்சி நின்ற அக்காலப் பெற்றோரை இணங்கச் செய்ய அவ்வாதம் வேண்டியிருந்திருக்கலாம். ஆயினும் கதை ஆசிரியரின் வாதத்தைத் தாண்டிச் சென்றுவிடுகிறது. நாட்டையே ஆளத்தக்க அறிவு பெண்ணுக்கு உண்டு என்று அது காட்டிவிட்டது. ஆனால் ஆணுடை இல்லாமல் அவளை அரியணையில் அமர்த்த ஆசிரியருக்குத் துணிவு வரவில்லை. அல்லது, வாசகர் ஏற்பர் என்னும் நம்பிக்கை வரவில்லை. இந்தத் தயக்கத்தை அவர் மீதான பழியாக நாம் கூறவில்லை. அதுவே இந்நூலின் உண்மையான வரலாற்றுச் சான்று என்கிறோம்.

அத்தயக்கம் இன்று மறைந்ததா? நம் பங்கில் திருமணப் பேச்சுக்கு வரும் பெற்றோர், "பெண் படித்தவள், பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுப்பாள்" என்று கூறக் கேட்டிருக்கிறோம். அவளுடைய பட்டம் அவளுக்கு எதற்கு என்று நாமும் கேட்டதில்லை. பாராட்டித் தலையசைத்து ஓலை எழுதி அனுப்பியிருக்கிறோம். நூற்றாண்டு கடந்தும் வேதநாயகரின் எளிய வாதத்தையே பற்றிக்கொண்டு, அவருடைய கதை காட்டிய உயரத்தை மறந்துவிட்டோம்.

1889இல் மறைந்த அப்பெருமகனுக்கு விழாவும் மாலையும் போதா. நூலைத் திறந்து படிப்போம். நம் வீட்டு ஞானாம்பாள்கள் தம் சொந்த உடையிலேயே அரியணை ஏறட்டும்.