டை சுழலட்டும், இடம் மாற வேண்டாம்: வீட்டுக்கு ஏற்ற பேட்ஜ் மிஷின் எது?

சட்டையில் குத்திக்கொள்ளும் வட்ட பேட்ஜ் ஒன்றை எடுத்துப் புரட்டிப் பார்த்தால், அதைச் செய்த மிஷினின் லட்சணம் தெரிந்துவிடும். விளிம்பு முழுக்க ஒரே சீராக மடிந்து உள்ளே போயிருந்தால் நல்ல மிஷின். ஒரு பக்கம் பிளாஸ்டிக் தாள் துருத்திக்கொண்டிருந்தாலோ, ஊசி பதித்த அடித்தகடு நகத்தால் நெம்பியதும் கழன்றாலோ, டை எனப்படும் அழுத்து அச்சு தேய்ந்திருக்கிறது அல்லது பாகங்கள் பொருந்தவில்லை என்று பொருள். கடைகளில் பளபளக்கும் முன்பக்கத்தைத்தான் காட்டுவார்கள். வாங்குபவர் பார்க்க வேண்டியது அதன் முதுகை.

வடசென்னையின் வண்ணாரப்பேட்டையில் இந்தச் சின்ன வட்டத்துக்கு வேலை குறைவதில்லை. பள்ளி விளையாட்டு விழா, கல்லூரிக் கலைவிழா, எம்.சி. ரோட்டுக் கடைகளின் பண்டிகைக் கால விற்பனை, கோயில் திருவிழாத் தொண்டர்கள், தெருமுனை கேரம் போட்டிகள் என்று கேட்பவர்கள் பலர். 2024-இல் அமெரிக்காவில் நடந்த கேரம் உலகக் கோப்பையில் காசிமா மூன்று தங்கம் வென்றார். அவர் புதுவண்ணாரப்பேட்டைப் பெண். அப்படிப்பட்ட வட்டாரத்தில் ஒரு கிளப்புக்கு ஐம்பது பேட்ஜ் தேவைப்படுவது இயல்பான காரியம். அரசியலைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். திராவிட முன்னேற்றக் கழகத்தின் தொடக்கப் பொதுக்கூட்டம் 1949 செப்டம்பர் 18 அன்று, கொட்டும் மழையில் நடந்த ராபின்சன் பூங்கா, இன்று அறிஞர் அண்ணா பூங்கா என்ற பெயரில் இந்தப் பகுதியை ஒட்டித்தான் இருக்கிறது.

ஐம்பது, நூறு என்ற கணக்கில் வரும் இத்தகைய ஆர்டர்களைப் பெரிய அச்சகங்கள் பெரும்பாலும் விரும்புவதில்லை. வீட்டு மேசையில் வைத்து இழுக்கும் கை மிஷினுக்கு இடம் கிடைப்பது இங்கேதான். மின்சாரம் வேண்டாம், சத்தமும் இல்லை. சுவரோடு சுவர் ஒட்டிய குடித்தனங்களில் இரவு பத்து மணிக்கு மேலும் வேலை செய்யலாம், பக்கத்து வீட்டுக்காரர் கதவைத் தட்ட மாட்டார்.

மூன்று ரகம்

சந்தையில் மூன்று வகை இருக்கிறது. முதலாவது, பிளாஸ்டிக் உடம்புள்ள கைக்கருவி. பிள்ளைகளின் கைவினைக்கு அது போதும், ஆர்டர் எடுக்க உதவாது. இரண்டாவது, கீழ் டையைத் தண்டவாளம்போல இடமும் வலமும் தள்ளும் ரகம். மூன்றாவதில் கீழே ஒரு வட்டத்தட்டு, அதில் எதிரெதிராக இரண்டு குழிகள். தட்டைத் திருப்பினால் ஒரு குழி விலகி, மற்றது மேல் டைக்கு நேர் கீழே வந்து நிற்கும். சுழல் டை மிஷின் என்று சொல்வது இதைத்தான்.

வேலை இரண்டே இழுப்பு. முதல் குழியில் தகர ஷெல்லைக் கவிழ்த்து வைத்து, அதன் மேல் அச்சடித்த வட்டத் தாள், அதற்கும் மேல் மைலார் எனப்படும் தெளிவான பிளாஸ்டிக் வட்டம். கைப்பிடியை இழுத்தால் மூன்றையும் மேல் டை கவ்விக்கொண்டு எழும். தட்டைத் திருப்பி, இரண்டாவது குழியில் அடித்தகட்டை வைத்து மறுபடி இழுத்தால், தாளின் விளிம்பும் மைலாரின் விளிம்பும் உள்ளே மடிந்து தகட்டோடு இறுகும். கை பழகியவருக்கு இது அரை நிமிட வேலை. தாளை வட்டமாக வெட்டுவதற்குத்தான் அதைவிட அதிக நேரம் பிடிக்கும்.

ஒரே நெம்புகோல், சுற்றி வரும் டைகள் என்ற இந்த அமைப்பின் பலம் என்ன என்பதை வேறொரு துறை தெளிவாகக் காட்டுகிறது. அமெரிக்காவில் துப்பாக்கி சுடும் விளையாட்டில் இருப்பவர்கள் பலர், சுட்டு முடித்த பித்தளை உறைகளை வீட்டிலேயே மறுபடி நிரப்புகிறார்கள். அதற்கான டரட் பிரஸ்ஸில் சுழல்வது மேல் தலை. விஸ்கான்சினைச் சேர்ந்த லீ நிறுவனத்தின் மிஷினில் அந்தத் தலைக்கு நான்கு துளை, கைப்பிடியை இழுக்க இழுக்கத் தலை தானே அடுத்த டைக்குத் திரும்பும். ரெட்டிங் நிறுவனத்தின் டி-7 மிஷினில் ஏழு துளை, அதைக் கையால் திருப்ப வேண்டும். அங்கே வாங்குபவர்கள் முதலில் சொல்லும் காரணம் வேகம் என்றாலும், அதைவிட முக்கியமான ஒன்று உண்டு. ஒருமுறை அளவு பார்த்து இறுக்கிய டையை மறுபடி கழற்றத் தேவையில்லை. கழற்றி மாட்டும்போதுதான் பிழை நுழைகிறது. இந்தியாவில் அந்த வேலைக்கு வீட்டில் இடமில்லை. உரிமம் இல்லாமல் தோட்டா தயாரிப்பதை 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம் தடை செய்கிறது. தோட்டா செய்யும் இயந்திரத்தையும் தோட்டாவுக்கான வரையறைக்குள்ளேயே அது சேர்த்திருக்கிறது. ஆனால் டையைத் தொடாமல் வைத்திருப்பதன் அருமை பேட்ஜ் மிஷினுக்கும் அப்படியே பொருந்தும்.

இதை மனதில் வைத்துப் பார்த்தால், எல்லா அளவும் ஒரே மிஷினில் என்று விற்கப்படும் மாற்று டை ரகம் வீட்டுக்கு ஏற்றதல்ல என்பது புரியும். 25, 32, 44, 58, 75 மில்லிமீட்டர் என டைகளை மாற்றி மாட்டிக்கொள்ளலாம் என்பது கேட்கக் கவர்ச்சியாக இருக்கும். மாட்டும் இடம் நாளடைவில் தளரும். மேல் டையும் கீழ் டையும் மயிரிழை விலகினாலே ஒரு பக்கம் இறுகும், மறுபக்கம் வாய் பிளக்கும். டையை நிரந்தரமாகப் பொருத்திய ஒற்றை அளவு மிஷினில் இந்தக் கவலை வெகுவாகக் குறையும். இரண்டு அளவு தேவைப்படும் நாள் வந்தால், இரண்டாவது மிஷின் வாங்குவதே கணக்குக்குச் சரி.

எந்த அளவு?

58 மில்லிமீட்டர்தான் முதல் மிஷினுக்கு உகந்தது. முகமும் பெயரும் தூரத்திலிருந்தே தெரியும். பாகங்கள் எளிதில் கிடைக்கும். அடித்தகட்டை மட்டும் மாற்றினால் பெரும்பாலும் அதே டையில் ஃப்ரிட்ஜ் மேக்னெட்டும் கைக்கண்ணாடியும் செய்யலாம். ஊசி வைத்த பேட்ஜைச் சின்னக் குழந்தைகளுக்குக் கொடுக்கக் கூடாது என்பதை ஆர்டர் எடுக்கும்போதே சொல்லிவிட வேண்டும்.

அளவு விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. அமெரிக்க மிஷின்களின் இரண்டேகால் அங்குலம் என்பது 57 மில்லிமீட்டருக்குச் சற்று மேல். நம் சந்தையில் கிடைப்பது 58. பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது, டைக்குத் தெரியும். ஒன்றின் ஷெல் மற்றதில் சிக்கும், அல்லது இறுகாமல் நழுவும். வெளிநாட்டிலிருந்து உறவினர் கொண்டுவந்த மிஷினுக்கு இங்கே பாகம் தேடி அலைவதற்கு இதுதான் காரணம்.

58 பேட்ஜுக்குத் தாளை 70 மில்லிமீட்டர் வட்டமாக வெட்ட வேண்டும். சுற்றிலும் 6 மில்லிமீட்டர் பின்னால் மடியும். ஆகவே பின்னணி நிறம் 70 வரை ஓட வேண்டும். எழுத்தும் முகமும் நடுவிலுள்ள 50 மில்லிமீட்டருக்குள் அடங்க வேண்டும். இதைக் கவனிக்காத வடிவமைப்பில் கட்சிக்கொடியின் ஓரமோ பள்ளிப் பெயரின் கடைசி எழுத்தோ விளிம்பைத் தாண்டிப் போய்விடும்.

ஏ4 தாளின் அகலம் 210. மூன்று வட்டம் சரியாக 210-ஐத் தின்றுவிடுவதால், வீட்டுப் பிரிண்டர் விடும் ஓர இடைவெளிக்குக்கூட இடம் மிஞ்சாது. டிஜிட்டல் அச்சகங்களில் புழங்கும் 12-க்கு 18 அங்குலத் தாளில் நான்குக்கு ஆறாக 24 வட்டம் தாராளமாக உட்காரும். 44 மில்லிமீட்டர் பேட்ஜுக்கு வெட்டு வட்டம் 54, அதே தாளில் 40 வரும். தாள் வாங்க ஆண்டர்சன் தெரு இருக்கும்போது, ஏ4-இல் வீட்டில் அச்சடித்து மல்லுக்கட்டுவதைவிட அச்சகத்தில் ஒரே தாளாக அடித்து வாங்குவது மலிவு.

மேசையில் வைத்துப் பார்த்தால்

இந்த ரக மிஷின்களை இழுத்துப் பார்க்கும்போது முதலில் கவனிக்க வேண்டியது தட்டு திரும்பி நிற்கும் இடம். நல்ல மிஷினில் தட்டு தன் நிறுத்தத்தில் போய் உட்கார்ந்தது விரலுக்குத் தெரியும். அசைத்தால் ஆடாது. மட்டமான மிஷினில் ஒவ்வொரு முறையும் கண்ணால் பார்த்து நேராக்க வேண்டியிருக்கும். நூறு பேட்ஜுக்கு இருநூறு முறை அப்படி நேராக்கினால் கையோடு பொறுமையும் போய்விடும்.

அடுத்தது மேல் டை. அது தன் அச்சில் சும்மா சுற்றக் கூடாது. சுற்றினால் முதல் இழுப்புக்கும் இரண்டாம் இழுப்புக்கும் நடுவே படம் கொஞ்சம் திரும்பிவிடும். சட்டையில் குத்தியதும் தலைவர் ஒரு பக்கமாகச் சாய்ந்து நிற்பார், ஆர்டர் கொடுத்தவர் முகம் சுளிப்பார். இரண்டு குழிகளின் ஓரத்திலும் ஒரே திசையில் சின்னக் கோடு போட்டு, படத்தின் தலையையும் ஊசியின் கிடையையும் அந்தக் கோட்டுக்கு வைத்துப் பழகினால் சாய்வு வராது.

ஜாம் ஆவதற்குப் பெரும்பாலும் மூன்று காரணம். ஷெல்கள் ஒன்றுக்குள் ஒன்று அடுக்கி வருவதால் இரண்டு ஒட்டிக்கொண்டு டைக்குள் போய்விடும். மைலார் வட்டங்களும் அப்படியே, உராய்வில் ஏறும் மின்னூட்டத்தால் ஒட்டிக்கொள்ளும். இரண்டையும் விசிறிப் பிரித்துத் தனித்தனியாக எடுப்பதுதான் வழி. மூன்றாவது காரணம் கனத்த தாள். 180 ஜிஎஸ்எம் போட்டோ தாளில் படம் அழகாக வரும், விளிம்பு மடியாது. 100 ஜிஎஸ்எம்மை ஒட்டிய தாளே பாதுகாப்பு. இறுகவில்லை என்று கைப்பிடியில் தொங்கினால் டைதான் கெடும்.

மிஷினின் அடிப்பாகத்தில் திருகு போடத் துளை இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். மேசையில் பிணைக்காத மிஷின் ஒவ்வொரு இழுப்புக்கும் முன்பக்கம் கவிழப் பார்க்கும். வாடகை வீட்டு மேசையில் துளை போட முடியாதவர்கள் கனத்த பலகையில் பிணைத்து, பலகையைக் கிளாம்ப் போட்டு நிறுத்தலாம்.

கடல் காற்று

வடசென்னைக்கென்று ஒரு தனிப் பிரச்சினை உண்டு. ஷெல்லும் அடித்தகடும் வெள்ளீயம் பூசிய மெல்லிய தகரம். பூச்சு மேற்பரப்பில்தான், வெட்டு விளிம்பில் இரும்பு வெளியே தெரியும். துறைமுகக் காற்றின் உப்பும் ஈரமும் அந்த விளிம்பைத்தான் முதலில் பிடிக்கும். பை பிரித்த பாகங்களை மேசையில் விட்டுவைத்தால் நாளாக நாளாகச் செம்புள்ளி விழும். பிறகு அந்தத் துரு வெள்ளைச் சட்டையில் ஏறும். இறுகிய மூடி உள்ள டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வைத்து, ஆர்டருக்கு வேண்டியதை மட்டும் எடுப்பது நல்லது. மிஷினின் வழிகாட்டித் தண்டுக்கு இரண்டு துளி தையல் மிஷின் எண்ணெய் போட்டுத் துடைத்துவிட வேண்டும். மிச்ச எண்ணெய் தாளில் பட்டால் அந்த பேட்ஜ் வீண்.

ஈரம் அச்சையும் சும்மா விடுவதில்லை. இன்க்ஜெட் மை முழுதாகக் காயாமல் மைலாருக்குள் அடைபட்டால் முன்பக்கம் மங்கலாகப் புகை படிந்ததுபோல் ஆகும். லேசர் அச்சில் இந்தத் தொல்லை இல்லை.

பழைய தொழில்

இந்த பேட்ஜின் வடிவம் புதிதல்ல. நியூஜெர்சி மாநிலம் நியூவார்க்கைச் சேர்ந்த ஒயிட்ஹெட் அண்ட் ஹோக் நிறுவனம் 1896-இல் இதற்குக் காப்புரிமை பெற்றது. தகர வட்டம், அதன் மேல் அச்சுத் தாள், அதற்கு மேல் செல்லுலாய்டு. அதே ஆண்டு மெக்கின்லியும் பிரையனும் மோதிய அமெரிக்க அதிபர் தேர்தலில் அது நாடெங்கும் பரவியது. செல்லுலாய்டு எளிதில் தீப்பற்றும். இன்று அந்த இடத்தில் இருப்பது பாலியெஸ்டர் மைலார். அடுக்கும் வரிசையும் விளிம்பு மடிப்பும் கிட்டத்தட்ட அப்படியே இருக்கின்றன.

தேர்தல் காலத்தில் ஆர்டர் குவியும். வாக்குச்சாவடியிலிருந்து 100 மீட்டருக்குள் ஓட்டுக் கேட்பதை 1951-ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் தடுப்பதால், வாக்குப்பதிவு நாளுக்கு என்று வரும் சின்னம் பொறித்த பேட்ஜ் ஆர்டர்களை யோசித்து ஏற்பது நல்லது. அந்தப் பருவத்தை மட்டும் நம்பி மிஷின் வாங்கினால் மற்ற மாதங்களில் அது தூசி படிந்து கிடக்கும். பள்ளியும் கல்லூரியும் கிளப்பும் கொடுக்கும் சில்லறை ஆர்டர்களே வருடம் முழுக்க அதை ஓட்டும்.

முடிவாக, வீட்டிலிருந்து தொடங்குபவர் வாங்க வேண்டியது 58 மில்லிமீட்டர், நிரந்தர டை, சுழலும் தட்டு, வார்ப்பு உலோக உடம்பு. அதோடு 70 மில்லிமீட்டர் வட்டக் கட்டர் ஒன்று. கட்டரில் கஞ்சத்தனம் வேண்டாம். வட்டம் கோணினால் எந்த மிஷினாலும் காப்பாற்ற முடியாது. தள்ளு டை ரகம் விலை குறைவாக அகப்பட்டால், நிறுத்தங்கள் ஆடாமல் இருக்கும்வரை அதுவும் உழைக்கும். மாற்று டை ரகத்தை, ஒரே வாரத்தில் பல அளவு கேட்கும் கடைக்காரர்களுக்கு விட்டுவிடலாம்.

பணம் கொடுக்கும் முன், தன் சொந்தத் தாளில் அச்சடித்துச் சரியாக வெட்டிய பத்து வட்டங்களைக் கையோடு கொண்டுபோய், கடையிலேயே வரிசையாகப் பத்து பேட்ஜ் இழுத்துப் பார்க்க வேண்டும். முதல் இரண்டு எல்லா மிஷினிலும் நன்றாக வரும். எட்டாவதும் ஒன்பதாவதும்தான் உண்மையைச் சொல்லும். பிறகு பாகங்களின் விலையைக் கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும். மிஷினுக்கு ஒருமுறை கொடுக்கும் பணத்தைவிட, ஷெல்லுக்கும் தகட்டுக்கும் வருடம் முழுக்கக் கொடுக்கப்போவது அதிகம். அதே டைக்குப் பொருந்தும் பாகம் இன்னொரு கடையிலும் கிடைக்கிறதா என்று விசாரித்துவிட்டால், ஒரே வியாபாரியின் கையிருப்பை நம்பி ஆர்டர் ஒப்புக்கொள்ள வேண்டிய நிலை வராது.