சைவநெறிக்கு ‘ஏ’, நீதிபோதனைக்குக் கணக்கு

யாழ்ப்பாணத்தில் சாதாரண தரப் பெறுபேறு வந்த அன்று அயலவர் கேட்கும் ஒன்பது பாடங்களில் சமயமும் ஒன்று. அது கட்டாயப் பாடம். சைவப் பிள்ளைக்குச் சைவநெறி, முஸ்லிம் பிள்ளைக்கு இஸ்லாம் என்று அரசே புத்தகம் அச்சிட்டு இலவசமாகக் கொடுக்கிறது. சமயப் பாடவேளைக்கு மணி அடித்ததும் வகுப்பு பிரியும். கத்தோலிக்கப் பிள்ளைகள் நாலைந்து பேர் கொப்பியைத் தூக்கிக்கொண்டு வேறு அறைக்கோ மரநிழலுக்கோ போவார்கள்.

தமிழ்நாட்டுப் பத்தாம் வகுப்புத் தேர்வில் ஐந்தே பாடம், சமயம் கிடையாது. முழுக்க அரசுப் பணத்தில் நடக்கும் பள்ளியில் மதபோதனை கூடாது என்கிறது இந்திய அரசியலமைப்பின் 28ஆவது உறுப்பு. அறிவியல் மனப்பான்மையை வளர்ப்பது குடிமக்களின் கடமை என்று 1976இல் எழுதிச் சேர்க்கப்பட்டதும் அதே அரசியலமைப்பில்தான். ஒழுக்கத்துக்கு என்று பல பள்ளிகளில் வாரம் ஒரு நீதிபோதனை வகுப்பு உண்டு, கால அட்டவணையில். தேர்வு நெருங்கினால் அந்த நேரத்தில் கணக்கு வாத்தியார் சாக்பீஸோடு வந்து நிற்பார்.

இரு கரைக்கும் ஒரு பழைய பந்தம் இருக்கிறது. ஆறுமுக நாவலர் 1848இல் வண்ணார்பண்ணையிலும் 1864இல் சிதம்பரத்திலும் சைவப்பிரகாச வித்தியாசாலை வைத்தார். மிஷனரிமாரின் வினாவிடை முறையைக் கையில் எடுத்து, அதிலேயே சைவத்தைச் சொல்லிக்கொடுத்தார். அக்கரையில் அது வேர்விட்டது. அங்கே படித்த பிள்ளை ஒரு தேவாரத்தையாவது முழுதாகப் பாடிவிடும். இங்கே பலருக்கு அது ஓதுவார் வாயில் கேட்பதோடு சரி. ஆனால் வினாவிடையின் வினாவைக் கேட்பது எப்போதும் புத்தகம்தான். பிள்ளை தானாக ஒன்று கேட்டால் அதற்குப் புள்ளி இல்லை. நாயன்மார் வரலாற்றைப் பாடமாக்கி ‘ஏ’ வாங்கலாம். அந்த அடியார்களின் அன்பு ஏன் அப்படிப் பித்தாக இருந்தது என்று வகுப்பில் பேச நேரம் கிடைப்பதில்லை.

எனக்குக் குறையாகப் படுவது ஒன்றுதான். அங்கே சமய ஆசிரியரும் விஞ்ஞான ஆசிரியரும் ஒரே வகுப்புக்கு அடுத்தடுத்த மணிக்கு வருகிறார்கள், சேர்ந்து வருவதில்லை. இங்கே ஒருவர் பள்ளியில், மற்றவர் கோயிலில். பிள்ளையின் கேள்வி இருவருக்கும் நடுவில் நிற்கிறது.

2019 டிசம்பர் 26 காலையில் யாழ்ப்பாணத்திலும் திண்டுக்கல்லிலும் கிரகணத்தில் சூரியன் நெருப்பு வளையமாகத் தெரிந்தது. கோயில்கள் நடை சாத்தின. பாத்திரங்களில் தர்ப்பை விழுந்தது. நிழலையும் ராகுவையும் ஒரே மூச்சில் கேட்க அதைவிட நல்ல நாள் வராது. அன்று இரு கரையிலும் பள்ளிக்கூடம் விடுமுறை.