பவழத்தில் வரி பார்ப்பது

எங்கள் வீட்டுப் பவழ மாலையில் பதக்கத்தை ஒட்டிய ஒரு மணியில் ஊசி குத்தியதுபோல ஒரு குழி உண்டு. பாட்டி காலத்து மாலை. நூல் இற்றுப்போய் மறுபடி கோர்க்கக் கொடுத்தபோது, பத்தர் அந்த மணியை விரலிடுக்கில் உருட்டிப் பார்த்துவிட்டு, “அம்மா, இதை எடுத்துட்டு வேற மணி போட்டுடட்டுங்களா?” என்று கேட்டார். வேண்டாம் என்றேன். சிரித்தபடி பத்து மடங்கு லென்ஸை என் பக்கம் நகர்த்தினார். “அப்ப நல்லாப் பாத்துக்குங்க. கடல்ல ஏதோ பூச்சி துளைச்ச துளை அது.”

லென்ஸ் வழியே முதலில் கண்ணில் பட்டது குழி அல்ல, வரி. மணியின் ஒரு துளையில் தொடங்கி மறு துளைவரை, பூசணிக்காயின் மேல் ஓடும் கீற்றுபோல, மயிரிழை வரிகள். ஒன்றுக்கொன்று அரை மில்லிமீட்டர்கூட இடைவெளி இல்லை. பக்கத்து மணியில் வரி குறுக்கே ஓடியது. அந்த மணியின் இரண்டு பக்கங்களில், வெட்டிய மரத்தில் தெரிவதுபோல, மங்கலாக வளையங்கள். கிளையை எந்த வாட்டத்தில் வைத்துக் கடைந்தார்கள் என்பதை இந்த வரிகளே காட்டிக்கொடுத்துவிடுகின்றன.

பவழத்தை ரசிக்க இந்த ஒன்று பிடிபட்டால் பாதி வேலை முடிந்தது. நவரத்தினத்தில் சேர்த்து எண்ணினாலும் அது சுரங்கக் கல் இல்லை. கடலடிப் பாறையில் கூட்டமாக வாழும் சின்னஞ்சிறு உயிர்கள் தங்களைத் தாங்கிக்கொள்ளக் கட்டிய சுண்ணாம்புக் கிளை. மத்தியதரைக் கடல் பவழக் கிளை பருமனாவது ஆண்டுக்குக் கால் மில்லிமீட்டர் அளவில்தான். 8 மில்லிமீட்டர் மணி ஒன்று கடைய வேண்டுமானால் அந்தக் கிளை கால் நூற்றாண்டாவது வளர்ந்திருக்க வேண்டும். பெரிய மணிக்கு விலை ஏன் தாவுகிறது என்பதற்கு வேறு விளக்கம் தேவையில்லை.

ராமேஸ்வரம் பக்கம் மன்னார் வளைகுடாவில் இருப்பதும் பவழம்தானே என்று பலர் கேட்கிறார்கள். அவை பவளப்பாறை கட்டும் வேறு உயிர்கள். அவற்றை எடுப்பதைச் சட்டம் தடுக்கிறது. நம் கழுத்தில் ஏறும் பவழம் என்றைக்கும் பெரும்பாலும் கப்பலில் வந்ததே. காவிரிப்பூம்பட்டினத்துத் தெருக்களில் குவிந்த சரக்குகளில் துகிரையும் பட்டினப்பாலை சொல்கிறது. துகிர் என்பது பவழத்தின் பழைய பெயர். இத்தாலியின் லிவோர்னோ துறைமுகத்திலிருந்து பவழம் கொண்டுவந்து, பதிலுக்கு இங்கிருந்து வைரம் வாங்கிப்போன யூத வணிகர்கள் 17, 18-ஆம் நூற்றாண்டுகளில் சென்னையில் இருந்தார்கள். ஜார்ஜ் டவுனில் பவளக்காரத் தெரு இன்றும் அதே பெயரில் இருக்கிறது.

இப்போது நிறத்துக்கு வருவோம். சார்டீனியா என்று வியாபாரத்தில் சொல்வது மத்தியதரைக் கடல் பவழம். மேலிருந்து உள்வரை ஒரே சிவப்பு. வெசுவியஸ் எரிமலையின் அடிவாரத்தில் உள்ள டோரே டெல் கிரேகோ ஊர்க்காரர்கள் தலைமுறை தலைமுறையாக இதைக் கடைகிறார்கள். பவழம் செதுக்கக் கற்றுத்தர 1878-லேயே அங்கே பள்ளிக்கூடம் திறந்துவிட்டார்கள். ஜப்பானை ஒட்டிய ஆழ்கடலில் கிடைப்பதில் உறைந்த ரத்தம்போன்ற கருஞ்சிவப்புக்கு மோரோ என்று பெயர். அதற்குத்தான் விலை அதிகம். ஆனால் அந்தக் கிளையின் நடுவே வெள்ளைத் தண்டு ஒன்று ஓடும். கடைபவர் அதை நகையின் முதுகுப் பக்கம் ஒதுக்கிவிடுவார். ஆகவே மோதிரக் கல்லைத் திருப்பிப் பார்க்கும்போது வெள்ளைத் திட்டு தெரிந்தால் முகம் சுளிக்காதீர்கள். சாயம் ஏற்றியிருந்தால் அந்த வெள்ளையும் சிவந்திருக்கும்.

சாயத்தில் நான் ஏமாந்திருக்கிறேன். ஒரு கடையில் ‘இத்தாலியன்’ என்று சொல்லிக் கொடுத்த மணிச்சரத்தை ஒரு வருஷம் ஆசையாகப் போட்டுக்கொண்டேன். ஒருநாள் நெயில் பாலிஷ் அழிக்கும் திரவத்தைப் பஞ்சில் தொட்டு ஒரு மணியின் துளையோரத்தில் வைத்தேன். பஞ்சு ரோஜா நிறமானது. அது மூங்கில் பவழம். மூங்கில்போலக் கணுக்கணுவாக வளரும் வெளிறிய பவழத்தில் சிவப்புச் சாயம் ஏற்றியிருந்தார்கள். லென்ஸில் பார்த்திருந்தால் அன்றே பிடிபட்டிருக்கும். அதன் வரி அகலமானது, இடைவெளி ஒரு மில்லிமீட்டருக்குப் பக்கம். வரிப் பள்ளத்திலும் துளைக்குள்ளும் சாயம் தேங்கி, மற்ற இடத்தைவிடக் கருத்திருக்கும்.

அசல் பவழத்தைப் பாலில் போட்டால் பால் சிவக்கும் என்று ஒரு நம்பிக்கை இருக்கிறது. பாலில் நிறம் இறங்கினால் உண்மையில் சாயத்தைத்தான் சந்தேகிக்க வேண்டும். எலுமிச்சைச் சாறு, வினிகர் விட்டு நுரைக்கிறதா என்று பார்ப்பதும் வீண். மூங்கில் பவழமும் சுண்ணாம்புதான், அதுவும் நுரைக்கும். உங்கள் நகைதான் பாழாகும். கண்ணாடி என்றால் லென்ஸில் காற்றுக் குமிழி காட்டும், வரி இருக்காது. பிளாஸ்டிக்கைக் கையில் எடுத்த உடனே எடையில்லாமை தெரிந்துவிடும்.

தரம் பார்க்கும்போது ஏ, டபுள் ஏ, டிரிபிள் ஏ என்று கடைக்காரர் சொல்வதை நம்பி நிற்காதீர்கள். அதற்குப் பொது அளவுகோல் கிடையாது. மணிச்சரத்தைப் பகல் வெளிச்சத்தில் வெள்ளைத் துணிமேல் நீளமாகப் போடுங்கள். மணிக்கு மணி நிறம் ஒட்டிப்போகிறதா, திட்டுகள் உண்டா, துளை நடுவில் விழுந்திருக்கிறதா என்று பாருங்கள். குழிகளை மெழுகாலோ பிசினாலோ அடைத்திருந்தால் அந்த இடத்தில் பளபளப்பு மாறும், வரி அறுந்து நிற்கும். அடைத்தது குற்றமில்லை, சொல்லாமல் விற்பதுதான் குற்றம். இயற்கை நிறம், சாயம் ஏற்றாதது என்று பில்லில் எழுதித் தரச் சொல்லுங்கள்.

எல்லா மணியும் அச்சில் வார்த்ததுபோல ஒரே சிவப்பாக இருக்கும் மலிவுச் சரத்தைக் கண்டால் எனக்கு இப்போது முதலில் சந்தேகம்தான் வருகிறது. பழைய சரங்களில் ஒரு மணி சற்றே ஆரஞ்சுக்குச் சாயும், ஒன்றில் லேசான வரிக்கோடு கண்ணுக்கே தெரியும். விலையில் ஒரு படி இறங்கினாலும் எனக்கு அவைதான் பிடிக்கும்.

பவழத்தைக் கத்திமுனையே கீறிவிடும். வைர நகையோடு ஒரே டப்பாவில் போட வேண்டாம். வியர்வையும் சென்ட்டும் பளபளப்பைத் தின்றுவிடும், அலங்காரமெல்லாம் முடிந்தபின் கடைசியாக அணியுங்கள். கழற்றியதும் ஈரத்துணியால் துடைத்து உலரவிடுங்கள். வருஷக்கணக்கில் மங்கிப்போன மணியையும் பத்தரிடம் கொடுத்தால் மெருகேற்றித் தருவார். எங்கள் மாலை அப்படி இரண்டு தடவை மெருகு கண்டது. குழி அப்படியே இருக்கிறது.