மினுக்கம் ஏறியது, உலகம் அசையவில்லை

சோனியின் பிளேஸ்டேஷன் 5 ப்ரோ (பிஎஸ்5 ப்ரோ) கன்சோல் வந்த பிறகு ஒரு வகைக் காணொளி பெருகிவிட்டது. ஒரே விளையாட்டின் ஒரே காட்சியைப் பழைய கன்சோலிலும் புதியதிலும் ஓடவிட்டு, திரையை இரண்டாகப் பிரித்து, ஒரு மூலையை நான்கு மடங்கு பெரிதாக்கி, புல்லின் நுனியைக் காட்டுகிறார்கள். இதுதான் தலைமுறைப் பாய்ச்சல் என்று விவரம் தெரிந்த பிள்ளைகளே வாதாடுகிறார்கள். பெரிதாக்கிக் காட்டினால்தான் தெரியும் என்றால் அதைப் பாய்ச்சல் என்று ஏற்க எனக்கு மனமில்லை.

நல்லதைச் சொல்லிவிடுகிறேன். 2020 நவம்பரில் வந்த பிஎஸ்5-இன் எஸ்எஸ்டி நொடிக்கு 5.5 ஜிபி படிக்கிறது. ஆட்டம் தொடங்கக் காத்துக் கிடந்த காலம் அதோடு போயிற்று. நொடிக்கு 60 ஃப்ரேம் ஓடும்போது கையும் திரையும் ஒன்றாக நகர்கின்றன. ரே டிரேசிங் ஒளியின் கணக்குப்படி நிழலை விழவைக்கிறது. மூன்றும் உண்மையான முன்னேற்றங்கள்.

ஆனால் கணக்கைப் பாருங்கள். பிஎஸ்2-இன் முதன்மை நினைவகம் 32 எம்பி. பிஎஸ்3-இல் மொத்தம் 512 எம்பி, பிஎஸ்4-இல் 8 ஜிபி. இருமுறையும் பதினாறு மடங்கு. பிஎஸ்5-இல் 16 ஜிபி, அதாவது வெறும் இரண்டு மடங்கு. வரைகலைச் சில்லின் திறன் பிஎஸ்4-இன் 1.84 டெராஃப்ளாப்பிலிருந்து பிஎஸ்5-இல் 10.28 ஆகி ஐந்து மடங்கைத் தாண்டியது உண்மைதான். அதில் பெரும்பங்கைத் திரைப் புள்ளிகள் தின்றுவிடுகின்றன. ஃபுல் எச்டியில் 20 லட்சம் புள்ளிகள் என்றால் 4கே-யில் 83 லட்சம். எட்டடி தள்ளி உட்கார்ந்திருப்பவரின் சராசரிக் கண் பிரித்தறியும் மிகச் சிறிய அளவு சுமார் 0.7 மில்லிமீட்டர். 43 அங்குல ஃபுல் எச்டி டிவியிலேயே ஒரு புள்ளி அரை மில்லிமீட்டர்தான். நம் கூடங்களில் இருக்கும் டிவிக்கு, கண்ணுக்கு எட்டாத நுணுக்கத்தைத்தான் விற்கிறார்கள்.

ஆடுபவர்களுக்கு இது தெரிந்தே இருக்கிறது. 2024 செப்டம்பரில் பிஎஸ்5 ப்ரோவை அறிமுகப்படுத்திய மார்க் செர்னி, படத்தின் தரமா, ஓட்டத்தின் வேகமா என்று கேட்டால் சுமார் நான்கில் மூன்று தடவை ஆடுபவர்கள் வேகத்தையே தேர்ந்தெடுக்கிறார்கள் என்று சொன்னார். எந்திரத்தை வடிவமைத்தவர் வாயிலிருந்தே வந்தது இது. 2022-இல் பெரிதாகப் பேசப்பட்ட ‘ஹொரைசன் ஃபர்பிடன் வெஸ்ட்’, ‘கிரான் டூரிஸ்மோ 7’, ‘காட் ஆஃப் வார் ரக்னராக்’ மூன்றுமே பிஎஸ்5-க்கு மட்டுமல்ல, பிஎஸ்4-க்கும் வந்தன என்பதையும் இங்கே நினைத்துக்கொள்ள வேண்டும்.

இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்வேன். என் நெடுநாள் மனத்தாங்கல் வேறு. படம் அழகாகிக்கொண்டே போகிறது. படத்துக்குள் இருக்கும் உலகம் இறுகிக்கொண்டே போகிறது.

ஒரு பீங்கான் கோப்பையை வைத்தே சொல்கிறேன். விருத்தாசலத்தை அடுத்த நம் நல்லூர் வட்டாரத்தில் பீங்கான் பழகாத வீடு குறைவு. விருத்தாசலத்துப் பீங்கான் தொழிற்பேட்டையின் அகல்விளக்கும் கொலு பொம்மையும் ஃப்யூஸ் கட்டையும் நமக்குப் பழைய சொந்தம். கிளேஸ் ஏறி வெந்த கோப்பையின் விளிம்பில் ஜன்னல் வெளிச்சம் வளைந்து ஓடுமே, அந்த வளைவை இன்றைய கன்சோல் அச்சு அசலாகக் காட்டிவிடுகிறது. சரி, அந்தக் கோப்பையைத் தட்டிப் பாருங்கள். பெரும்பாலான பெரிய விளையாட்டுகளில் அது மேசையோடு ஒட்டிக்கிடக்கும். சுட்டால் ஒரு கரும்புள்ளி விழும். சற்று நேரத்தில் அதுவும் மறையும். இங்கே பீங்கான் வாங்குபவர் முதலில் விரலால் சுண்டிப் பார்க்கிறார். நல்ல கோப்பை கணீரென்று ஒலிக்கும், மயிரிழை விரிசல் இருந்தால் சத்தம் மொத்தையாக வரும். பொருளின் குணம் அங்கேதான் தெரிகிறது. மேற்பூச்சை மட்டும் பார்த்து யாரும் சரக்கு எடுப்பதில்லை.

2001-இல் பிஎஸ்2-க்கு வந்த ‘ரெட் ஃபேக்ஷன்’ விளையாட்டில் பாறையை வெடிவைத்துக் குடைந்து சுரங்கமே போடலாம். அந்த 32 எம்பிக்குள்தான் அதைச் செய்தார்கள். அதே ஆண்டு ‘ஜிடிஏ 3’ ஒரு முழு நகரத்தைத் திறந்துவிட்டது. முந்தைய எந்திரத்தில் இருந்திராத விளையாட்டு முறை ஒன்று அன்று பிறந்தது. பாய்ச்சல் என்று நான் சொல்வது அதைத்தான்.

இன்று ஏன் சுவர் இடிவதில்லை? அழகுதான் காரணம். ஒவ்வொரு செங்கல்லையும் கலைஞர்கள் மாதக்கணக்கில் செதுக்குகிறார்கள். உடைந்தால் உள்ளே தெரியும் முகத்தையும் செதுக்க வேண்டும். முன்கூட்டியே கணக்கிட்டு ஒட்டிவைத்த வெளிச்சம், சுவர் விழுந்ததும் பொய்யாகிவிடும். எதிரிகள் நடக்கும் வழியையும் திரும்பக் கணக்கிட வேண்டும். ஆகவே எல்லாவற்றையும் ஆணியடித்து வைத்துவிடுகிறார்கள். ஒளியை அந்தந்த நொடியில் கணக்கிடும் ரே டிரேசிங், இந்தக் கட்டுகளில் ஒன்றையாவது அவிழ்க்க வந்த கருவி. அதைக் கொண்டுவந்து சாலையோரத் தண்ணீர்க் குட்டையில் விளம்பரப் பலகையைப் பிரதிபலிக்கவிட்டதோடு பெரிய நிறுவனங்கள் திருப்தியடைந்துவிட்டன. இதை என்னால் மன்னிக்க முடியவில்லை.

முடியாத காரியமும் அல்ல. சுவீடனின் சிறு குழு ஒன்று செய்த ‘டியர்டவுன்’ விளையாட்டில் அநேகமாக எல்லாமே உடையும். 2025-இல் வந்த ‘டாங்கி காங் பனான்ஸா’வில் நிலத்தையே பிய்த்து எறியலாம்; அது ஓடும் நின்டெண்டோவின் ஸ்விட்ச் 2, பிஎஸ்5-ஐவிடத் திறன் குறைந்த எந்திரம். கனடாவில் குடியேறிய தமிழ்க் குடும்பத்தின் கதையான ‘வெண்பா’ வெறும் இருபரிமாணச் சித்திரம்தான். அதில் சமையல்தான் புதிர். இட்லித் தட்டைத் தப்பாக அடுக்கினால் இட்லி கெடும். கைக்குப் பொருள் பதில் சொல்கிறது. 2024-இல் சிறந்த அறிமுக விளையாட்டுக்கான பாஃப்டா விருது அதற்குக் கிடைத்தது.

முன்பெல்லாம் கன்சோல் பழசாகப் பழசாக விலை இறங்கும். பிஎஸ்5 இந்தியாவுக்கு 2021 பிப்ரவரியில் 49,990 ரூபாய்க்கு வந்தது. இறங்குவதற்குப் பதில் 2022 நவம்பரில் 54,990 ஆக ஏறியது. பிஎஸ்4 நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் வீட்டில் இந்தப் பணத்தைக் கேட்கிறான் பிள்ளை என்றால், கடைக்கு அவனையும் அழைத்துப் போங்கள். காட்சிக்கு வைத்திருக்கும் டிவியிலிருந்து எட்டடி தள்ளி நின்று பாருங்கள். திரையில் தெரியும் ஏதாவது ஒரு பொருளை உடைத்துக் காட்டச் சொல்லுங்கள். உடையாவிட்டால் வாங்காமல் திரும்புங்கள்.