இருபத்தெட்டு மார்க்

கொல்கத்தா நெடுஞ்சாலையில் கும்மிடிப்பூண்டிக்குச் சற்று முன்னால் புதுவாயல். டீ குடிக்க இறங்கினேன். பக்கத்துத் தொழிற்சாலையில் வேலை பார்க்கும் ஒடிசாக்காரர் ஒருவரின் மகள், ஏழாம் வகுப்பு, கடைக்காரரிடம் தகராறு செய்துகொண்டிருந்தாள். 'அஞ்சு ரூவா கொறையுதுண்ணே. நல்லா எண்ணிப் பாருங்க.' அசல் திருவள்ளூர்ப் பக்கத்துத் தமிழ். பரீட்சையில் தமிழுக்கு எவ்வளவு மார்க் என்று கேட்டேன். 'இருபத்தெட்டு' என்றாள், குரல் இறங்கி.

புத்தகத்தை வாங்கிப் புரட்டினேன். 2019-ல் வந்த பாடநூல். நான் படித்ததைவிட எவ்வளவோ தேவலை. படங்கள் இருக்கின்றன, அச்சு கண்ணை உறுத்தவில்லை. இலக்கணப் பகுதிக்குக் 'கற்கண்டு' என்று பெயர் (வைத்தவருக்கு நகைச்சுவை உணர்வு ஜாஸ்தி). தலைப்புக் கொடுத்து இரண்டு நிமிடம் பேசச் சொல்கிறார்கள். நல்ல விஷயம். ஆனால் அந்த இரண்டு நிமிடத்துக்கு என்ன மதிப்பு? வளரறி மதிப்பீட்டில் ஆசிரியர் மனசு வைத்தால் உண்டு. பத்தாம் வகுப்புக்குப் போனால் நூறு மார்க்கும் எழுத்துக்குத்தான். வாயைத் திறக்காமலே தமிழில் சதம் அடிக்கலாம்.

சிங்கப்பூரில் ஆறாம் வகுப்பு இறுதித் தேர்விலேயே தமிழுக்கு நூற்றுக்கு 35 பங்கு பேசுவதற்கும் கேட்பதற்கும். பிள்ளை ஒரு வீடியோ பார்க்கிறது, அதைப் பற்றித் தேர்வாளரோடு உரையாடுகிறது. வீட்டுப் பேச்சுத் தமிழை வகுப்பில் சொல்லித்தரலாம் என்று 2005-லேயே ஒரு குழு பரிந்துரை செய்துவிட்டது. அங்கே தமிழ் வீட்டைவிட்டுப் போய்க்கொண்டிருக்கிற பயம். (தாய்மொழியைத் தகப்பனாரின் இனத்தை வைத்து முடிவு செய்த ஊர் என்பது வேறு கதை.)

ஸ்வீடன் இன்னும் ஒரு படி மேலே. ஓர் உள்ளாட்சிப் பகுதியில் ஐந்து பிள்ளைகள் கேட்டு, ஆசிரியரும் கிடைத்தால், அவர்கள் வீட்டு மொழியைச் சொல்லித்தர வேண்டும். பெரும்பாலும் பள்ளி முடிந்த பிறகு, கொஞ்ச நேரம்தான். இருந்தாலும் உண்டு.

பின்லாந்து வழிதான் புதுவாயலுக்குப் பொருந்தும் என்று தோன்றுகிறது. வீட்டில் வேறு மொழி பேசும் பிள்ளைக்கு அங்கே பின்னிஷ் கற்கத் தனிப் பாடத்திட்டம். நாம் 2006-ல் தமிழைக் கட்டாயமாக்கிச் சட்டம் போட்டோம். எனக்கு அதில் ஆட்சேபணை இல்லை. இங்கே வளரும் பிள்ளைக்குத் தமிழ் வேண்டும். ஆனால் தாலாட்டோடு தமிழ் கேட்ட பிள்ளைக்கும் ஒடியாவில் தாலாட்டுக் கேட்ட பிள்ளைக்கும் ஒரே செய்யுள், ஒரே சொற்பொருள், ஒரே கேள்வித்தாள். ஆரம்பாக்கம் தாண்டினால் ஆந்திரா. தெலுங்கு பேசும் வீடுகள் இந்தப் பக்கம் தலைமுறை தலைமுறையாக இருக்கின்றன. வகுப்பில் எத்தனை வீட்டு மொழிகள் என்று எண்ணிப் பார்த்துவிட்டாவது பாடம் எழுதியிருக்கலாம்.

'ஒடியாவில் உன் பெயரை எழுதத் தெரியுமா?' என்று கேட்டேன்.

'அப்பாவுக்குத்தான் தெரியும்.'

கடைக்காரர் சில்லறையை மறுபடி எண்ணினார். ஐந்து ரூபாய் குறைவாகத்தான் இருந்தது.