பிரபல்: 50 மீட்டர் விளம்பரமும் .32 தோட்டாவும்

.32 ரகப் பிரபல் ரிவால்வரைக் கையில் வாங்குபவர் முதலில் சிலிண்டரைத்தான் திறந்து பார்ப்பார். அரசுத் தொழிற்சாலையின் பழைய .32 ரிவால்வரை நடுவில் மடக்கித்தான் தோட்டா போட வேண்டும். பிரபலில் சிலிண்டர் பக்கவாட்டில் வெளியே வந்துவிடும். தோட்டா நிரப்புவதும் வெற்றுக் கூடுகளைத் தள்ளுவதும் சுலபம். தோட்டா இல்லாமல் எடை சுமார் 700 கிராம், குழல் 76 மில்லிமீட்டர்.

2023 ஆகஸ்டில் இதை வெளியிட்டது கான்பூரின் 'அட்வான்ஸ்டு வெப்பன்ஸ் அண்ட் எக்யூப்மென்ட் இந்தியா' நிறுவனம். புதுக்கோட்டை மாவட்டத்துக் கீரனூர்க்காரர்களுக்குப் பழக்கமான திருச்சி துப்பாக்கித் தொழிற்சாலையும் 2021 அக்டோபர் முதல் இதே நிறுவனத்தின் கீழ்தான் இயங்குகிறது. விளம்பரம் முழுக்க ஒரே பேச்சு: குறி எட்டும் தூரம் 50 மீட்டர்.

அந்தத் தூரம் யாருக்குத் தேவை? துப்பாக்கியால் கொல்லப்பட்ட அமெரிக்கக் காவலர்களில் ஏறக்குறைய பாதிப் பேர் 5 அடிக்குள் சுடப்பட்டவர்கள் என்கிறது எஃப்.பி.ஐ. தொகுக்கும் கணக்கு. தற்காப்பு என்பது பெரும்பாலும் கைக்கெட்டும் தூரத்துச் சங்கதி. அங்கே கேட்க வேண்டிய கேள்வி, தோட்டா ஆளை நிறுத்துமா என்பதுதான்.

அமெரிக்கப் பயிற்சியாளர் கிரெக் எல்லிஃப்ரிட்ஸ் சுமார் 1,800 துப்பாக்கிச்சூடுகளைத் தொகுத்து 2011இல் ஒரு கணக்கு வெளியிட்டார். எத்தனை குண்டு பட்டும் நிற்காதவர்கள் 9 மி.மீ. ரகத்தில் 13 சதவீதம், .45இல் 14, .32இல் 40. பார்த்ததும் .32 படுதோல்வி என்று தோன்றும். ஆனால் அந்த வரிசையில் இருந்தவர்கள் வெறும் 25 பேர். அதைவிடச் சின்னதான .22இல் 154 பேர். நிற்காதவர்கள் 31 சதவீதம்தான். 25 பேரை வைத்து ஒரு தோட்டாவுக்குத் தீர்ப்பு எழுத முடியாது. அதோடு, குண்டு பட்டு நின்றவர்களில் காயத்தால் விழுந்தவர் எத்தனை பேர், பயந்து ஓடியவர் எத்தனை பேர் என்பதை இந்தக் கணக்கு பிரித்துச் சொல்வதில்லை.

ரகத்தால் வித்தியாசமே இல்லை என்றும் சொல்லிவிட முடியாது. பாஸ்டன் நகரில் 2010 முதல் 2014 வரை நடந்த சூடுகளை ஆராய்ந்து, ஆய்வாளர்கள் பிராகாவும் குக்கும் 2018இல் கட்டுரை வெளியிட்டார்கள். .22, .25, .32 போன்ற சிறு ரகங்களோடு ஒப்பிட்டால், 9 மி.மீ. உள்ளிட்ட நடுத்தர ரகத்தில் உயிர் போகும் சாத்தியம் 2.3 மடங்கு அதிகம் என்று கண்டார்கள். ஆனால் 9 மி.மீ. இந்தியாவில் பொதுமக்களுக்குத் தடைசெய்யப்பட்ட ரகம். கலெக்டரிடம் லைசென்ஸ் வாங்கும் புதுக்கோட்டை மாவட்டத்துக்காரருக்கு ரிவால்வர் என்றால் நடைமுறையில் .32தான்.

குறி தவறிய குண்டு எங்கே போகும் என்ற கவலை இந்த வட்டாரத்துக்குப் புதிதல்ல. 2021 டிசம்பர் 30 அன்று, நார்த்தாமலை அருகே பசுமலைப்பட்டி துப்பாக்கிச்சுடும் தளத்தில் பயிற்சி நடந்தபோது, தாத்தா வீட்டில் இருந்த 11 வயதுச் சிறுவனின் தலையில் குண்டு பாய்ந்தது. 2022 ஜனவரி 3இல் அவன் இறந்தான். அது பயிற்சித் தளத்துச் சூடு, வீட்டு ரிவால்வர் அல்ல. ஆனாலும் .32 குண்டு 50 மீட்டரோடு நின்றுவிடாது. பல நூறு மீட்டர் தாண்டிப் போகும்.

பழைய மடக்கு ரிவால்வரை மாற்ற நினைப்பவர் அந்தச் சிலிண்டருக்காகவே பிரபலை வாங்கலாம். 2014இல் 1,22,360 ரூபாய்க்கு வந்த, சுமார் அரைக் கிலோ எடையுள்ள நிர்பீக் என்ற .32 ரிவால்வரை வைத்திருப்பவர் மாற்றத் தேவையில்லை; இரண்டுக்கும் தோட்டா ஒன்றே. 50 மீட்டரை நம்பி வாங்குபவர், அந்தப் பணத்தில் ஒரு பங்கைப் பயிற்சித் தோட்டாவுக்கு ஒதுக்குவது நல்லது.