ரகுவைப் பிரிந்த துயரம்: ஒரு படமும் சில கேள்விகளும்

‘தி எலிபண்ட் விஸ்பரர்ஸ்’ என்னும் ஆவணப்படத்தை வாசகர்களில் பலர் பார்த்திருப்பீர்கள். கார்த்திகி கொன்சால்வ்ஸ் இயக்கி 2022-இல் வெளியான இப்படம் 2023 மார்ச்சில் ஆஸ்கார் பரிசு பெற்றது. முதுமலை தெப்பக்காடு யானைகள் முகாமில் பொம்மன், பெள்ளி என்னும் காட்டுநாயக்கர் இணையர், தாயை இழந்த ரகு என்ற யானைக்குட்டியை வளர்க்கிறார்கள். பின்னர் அம்மு என்ற குட்டியும் வந்து சேர்கிறது. ரகு வளர்ந்ததும் வேறு பாகர்களிடம் ஒப்படைக்கப்படுகிறது. கதை இவ்வளவுதான்.

வளர்ப்புப் பிராணி மனிதனுக்கு என்ன தருகிறது, அதை இழந்தால் என்ன ஆகிறது என்ற கேள்விகளை வைத்துக்கொண்டு இப்படத்தைப் பார்ப்போம். முதல் கேள்விக்குப் படம் மிக நன்றாக விடை சொல்கிறது. குளிப்பாட்டுதல், உணவை உருட்டி ஊட்டுதல், கூடவே நடத்தல் ஆகிய அன்றாட வேலைகளைக் காமிரா பொறுமையாகப் பார்க்கிறது. கணவனையும் மகளையும் இழந்த பெள்ளிக்கு, விடிந்ததும் தன்னை எதிர்பார்த்து ஓர் உயிர் காத்திருப்பதே எழுந்து நடக்கக் காரணமாகிறது. ‘அன்பு’ என்று பொதுவாகச் சொல்லிவிடுகிறோமே, அதன் பெரும்பகுதி இந்த வேலைகள்தாம்.

தாம் அழுதபோது குட்டி தம் கண்ணீரைத் துடைத்ததாகப் பெள்ளி சொல்கிறார். இது வெறும் கற்பனையா? அவசரப்பட்டுச் சிரிக்க வேண்டாம். தாய்லாந்தில் ஆசிய யானைகளைக் கவனித்த பிளாட்னிக், டி வால் ஆகிய ஆய்வாளர்கள் 2014-இல் வெளியிட்ட முடிவுகளின்படி, ஒரு யானை கலவரமடைந்தால் அருகிலுள்ள யானைகள் வந்து துதிக்கையால் அதன் முகத்தையும் வாயையும் தொடுகின்றன; மெல்லக் குரலும் கொடுக்கின்றன. ஆனால் அது யானை யானைக்குச் செய்தது. நாயும் வளர்ப்பவரும் ஒருவரையொருவர் நோக்கும்போது இருவர் உடலிலும் ஆக்சிடோசின் என்ற ஹார்மோன் கூடுவதாக 2015-இல் ஜப்பானியர் காட்டினார்கள். அதே ஆய்வில், கையால் வளர்த்த ஓநாய்களிடம் அந்த விளைவு காணப்படவில்லை. ஆகவே நாய்க்குப் பொருந்துவதைக் காட்டு விலங்குக்கு அப்படியே ஏற்றிச் சொல்வதில் எச்சரிக்கை வேண்டும். படம் அந்த எச்சரிக்கையை மேற்கொள்ளவில்லை.

என் பெரிய குறை வேறு. ரகுவின் பிரிவைப் படம் விரைவாகக் கடந்துவிடுகிறது. ரகு போனபின் அம்மு சில நாட்கள் சரியாகப் பால் குடிக்கவில்லை என்பது ஒரு செய்தியாக வந்து மறைகிறது. அங்கேதான் நின்றிருக்க வேண்டும்! கென்யாவில் அனாதைக் குட்டிகளை வளர்த்த டாப்னே ஷெல்ட்ரிக், 1970-களில் ஆயிஷா என்ற குட்டியைத் தாமே தேற்றினார். மகள் திருமணத்துக்காகச் சில நாட்கள் வெளியே சென்றார். குட்டி உணவை மறுத்து இறந்தது. அதிலிருந்து அவருடைய நிலையத்தில், குட்டி எந்த ஒருவரையும் தனியே பற்றிக்கொள்ளாதபடி காவலர்களை மாற்றி மாற்றி அமர்த்தினார்கள். பற்று இரு பக்கமும் ஓடுகிறது. எனவே பிரிவையும் முன்கூட்டியே திட்டமிட வேண்டும். அப்படித் திட்டமிட வழியுண்டா என்று கேட்காமல், விதியைப் போலப் பிரிவைக் காட்டுவது அறிவியல் நோக்கில் குறையே.

பெரம்பலூர் மாவட்டம் பூலாம்பாடியில் இதை வாசிக்கும் மாணவரே, உங்கள் தெருவில் யானை இல்லை. ஆனால் பால் புகட்டி வளர்த்த ஆட்டுக்குட்டியைச் சந்தைக்குப் பிடித்துப்போன நாளில் நீங்கள் சாப்பிடாமல் இருந்திருக்கலாம். சாலையில் அடிபட்ட நாய்க்காக அழுதபோது, “நாய்தானே, வேறொன்று கொண்டுவந்தால் போயிற்று” என்று பெரியவர்கள் சொல்லியிருக்கலாம். ஊரார் துக்கமென்று ஒப்புக்கொள்ளாத இத்தகைய துக்கத்தை அமெரிக்க அறிஞர் கென்னத் டோகா 1989-இல் தனி வகையாக எடுத்துப் பேசினார். இழப்பு சிறிதாக இருப்பதல்ல சிக்கல். விசாரிக்க யாரும் வருவதில்லை, பள்ளிக்கு விடுப்பும் இல்லை. குழந்தையிடம் “எங்கோ ஓடிப்போயிற்று” என்று பொய் சொல்லாமல் உண்மையைச் சொல்வதும், புதைக்கும்போது உடன் நிற்க விடுவதும், மறுநாளே புதுக்குட்டியைக் கையில் திணிக்காமலிருப்பதும் உதவும்.

நம் முன்னோர் இதில் நம்மைவிடத் தாராளமானவர்கள். திருவண்ணாமலை மாவட்டம் எடுத்தனூரில், முதலாம் மகேந்திரவர்மன் காலத்து நடுகல் ஒன்று உண்டு. எருமைகளைக் காக்கப் போரிட்டு மாண்ட வீரனுக்கு எழுப்பியது. அவனருகே அவன் நாயும் செதுக்கப்பட்டிருக்கிறது. கள்வர் இருவரைக் கடித்துக் காவல் நின்ற அதன் பெயர் கோவிவன் என்று கல்வெட்டு கூறுகிறது. ஏழாம் நூற்றாண்டில் ஒரு நாயின் பெயரைக் கல்லில் வெட்ட யாரோ கூலி கொடுத்திருக்கிறார்கள்!

படம் முக்கால் மணி நேரத்துக்கும் குறைவு. இருவரும் தமிழிலேயே பேசுகிறார்கள். பார்க்கும்போது இசையை விட்டுவிட்டு பெள்ளியின் கைகளைக் கவனியுங்கள். ரகு இருந்தபோது அவை என்ன செய்துகொண்டிருந்தன, ரகு போனபின் என்ன செய்கின்றன என்று பாருங்கள்.